பள்ளித் தட்டும் பிள்ளையின் நாவும்

தமிழ்நாட்டின் அரசுத் தொடக்கப் பள்ளியில் படிக்கும் குழந்தை, பள்ளி நடக்கும் வாரத்தில் உண்ணும் 21 வேளைச் சாப்பாட்டில் 10 வேளையைப் பள்ளியிலேயே உண்ணலாம்: ஐந்து நாள் காலை உணவு, ஐந்து நாள் மதிய உணவு. ஐந்தாம் வகுப்பை முடிக்கும்வரை இந்தக் கணக்கு தொடர்கிறது. எது பிடிக்கும், எது தொண்டையில் இறங்காது என்று நாக்கு முடிவு செய்துகொள்ளும் வயதும் ஏறத்தாழ இதுதான். இவ்வளவு பெரிய பொறுப்பைத் தாங்கும் பள்ளி உணவு, பெரும்பாலும் பசி தீர்க்கும் ஏற்பாடாக மட்டுமே பேசப்படுகிறது. அரிசி எத்தனை கிராம், முட்டை எத்தனை, செலவு எத்தனை கோடி என்பதோடு பேச்சு நின்றுவிடுகிறது. வழங்கிய அளவு பதிவேட்டில் ஏறுகிறது; குழந்தை தின்ற அளவு எதிலும் ஏறுவதில்லை. திட்டத்தின் பயன் முழுவதும் அந்த இரண்டாவது அளவைப் பொறுத்தது.

பள்ளியில் சோறு போடும் வழக்கம் தமிழ்நாட்டில் நூறாண்டைக் கடந்தது. 1920-இல் நீதிக்கட்சியின் தலைவர்களில் ஒருவரும் சென்னை மாநகராட்சித் தலைவருமான பிட்டி தியாகராயரின் காலத்தில், ஆயிரம் விளக்குப் பகுதியிலிருந்த மாநகராட்சிப் பள்ளியில் மதிய உணவு வழங்கத் தீர்மானம் நிறைவேறியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓரணாவுக்கு மேல் போகக்கூடாது என்பது வரம்பு. பின்னர் வேறு சில பள்ளிகளுக்கும் அது விரிந்தது. தொடக்கக் கல்விக்கான நிதியைச் சோற்றுக்குச் செலவிடக் கூடாது என்று ஆங்கில அரசு மறுத்ததால் 1925-இல் அது நின்றது. உணவு வேறு, கல்வி வேறு என்ற அந்தப் பிரிவினை அன்றோடு ஒழியவில்லை. இன்றும் பல அலுவலகங்களில் சத்துணவுக் கோப்பு ஒரு மேசையிலும் கல்விக் கோப்பு வேறொரு மேசையிலும்தான் கிடக்கின்றன.

முதலமைச்சர் காமராசரின் ஆட்சியில் 1956-இல் மதிய உணவுத் திட்டம் மாநிலம் தழுவியதாயிற்று. எட்டயபுரத்தில் அதைக் காமராசர் தொடங்கி வைத்தார். பொதுக்கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகச் சென்று நன்கொடை திரட்டியதும், ஊரார் நெல்லும் பருப்பும் கொடுத்துப் பள்ளிக்கூட அடுப்பை எரிய வைத்ததும் அந்தக் காலத்தின் பெருமைகள். அரசின் பணம் பின்னால் சேர்ந்தது. 1961 முதல் கேர் (CARE) என்னும் தொண்டு நிறுவனத்தின் வழியாக அமெரிக்க உணவுப் பொருள்களும் வந்தன. சோறு உண்டு வளர்ந்த நாக்குக்கு அந்தப் பால்பவுடரும் மக்காச்சோள மாவும் அந்நியமானவை. கொடுப்பவரிடம் மிஞ்சியிருப்பது தட்டில் விழுமானால், பசித்த பிள்ளை அதைத் தின்னும். ஆனால் அந்த உணவோடு அதற்கு உறவு எதுவும் ஏற்படாது.

1982 ஜூலை 1 அன்று திருச்சி மாவட்டம் பாப்பாக்குறிச்சியில் முதலமைச்சர் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டம் இரண்டு வகையில் முந்தையவற்றிலிருந்து வேறுபட்டது. ஒன்று, அது இரண்டு வயதுக் குழந்தையிலிருந்து தொடங்கியது. மற்றொன்று, சூடான சோறும் பருப்பும் காயும் அந்தந்த ஊரிலேயே சமைக்கப்பட்டன. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று பெண்கள் அமர்த்தப்பட்டார்கள். கைம்பெண்களுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை இருந்தது. முதலில் கிராமங்கள், அதே ஆண்டில் நகரங்கள், 1984-இல் பத்து முதல் பதினைந்து வயதுவரை உள்ள மாணவர்கள் என்று அது விரிந்தது. வீண் செலவு என்றும் ஓட்டுக்கான சோறு என்றும் அன்று எழுந்த கண்டனங்கள் கொஞ்சமல்ல. இன்று 40 ஆயிரத்துக்கும் மேற்பட்ட மையங்களில் பள்ளி நாள்தோறும் உலை கொதிக்கிறது.

இந்தியாவின் மற்ற மாநிலங்கள் வேறு பாதையில் வந்தன. 1995 ஆகஸ்ட் 15 அன்று ஒன்றிய அரசு தேசிய அளவில் திட்டத்தைத் தொடங்கியது. ஆனால் பல மாநிலங்கள் சமைக்கவில்லை. மாதம் 3 கிலோ தானியத்தை அளந்து கொடுத்ததோடு சரி. தானியம் வீட்டுக்குப் போய், எல்லாருக்குமான பானையில் கலந்துவிடும். அதில் பள்ளிப் பிள்ளைக்கு எவ்வளவு சேர்ந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. உணவு உரிமை வழக்கில் உச்ச நீதிமன்றம் 2001 நவம்பர் 28 அன்று பிறப்பித்த ஆணை இதை மாற்றியது. குறைந்தது 300 கலோரியும் 8 முதல் 12 கிராம் புரதமும் கொண்ட சமைத்த உணவை, ஆண்டில் குறைந்தது 200 நாள் வழங்க வேண்டும் என்றது அந்த ஆணை. இப்போதைய ஒன்றிய அரசு விதிப்படி தொடக்க வகுப்புகளுக்கு 450 கலோரியும் 12 கிராம் புரதமும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை 700 கலோரியும் 20 கிராம் புரதமும் இருக்க வேண்டும். தானியம் முறையே 100 கிராம், 150 கிராம். பருப்பு 20, 30. காய்கறி 50, 75.

சமைத்த சோறு குழந்தையின் வயிற்றுக்கே போகிறதா, அல்லது பள்ளியில் தின்றுவிட்டது என்று வீட்டில் அளவைக் குறைத்துவிடுகிறார்களா என்ற ஐயம் நியாயமானது. மத்தியப் பிரதேசத்துக் கிராமங்களை ஆராய்ந்து பொருளியலாளர் ஃபர்சானா அஃப்ரிதி 2010-இல் வெளியிட்ட கட்டுரை இதற்கு விடை தருகிறது. பள்ளி உணவில் இருந்த சத்துகளில் பாதி முதல் முழுமை வரை குழந்தையின் அன்றாட உணவில் கூடுதலாகவே சேர்ந்தன. ஏழை வீடுகள் பிள்ளையின் பங்கைப் பிடுங்கவில்லை. ஆந்திரத்தில் வறட்சியின்போது கைக்குழந்தையாக இருந்து வளர்ச்சி குன்றியவர்களைப் பின்னர் பள்ளி உணவு ஓரளவு தூக்கி நிறுத்தியதாக வேறோர் ஆய்வு காட்டியது. பள்ளியில் மதிய உணவு உண்டு வளர்ந்த பெண்களுக்குப் பிறந்த குழந்தைகளிடம் வளர்ச்சிக் குறைவு குறைவாக இருப்பதை 2021-இல் வெளியான ஆய்வு எடுத்துக்காட்டியது. ஒரு சிறுமியின் தட்டில் விழும் சோறு, அவளுக்குப் பிறக்கப்போகும் பிள்ளையின் உயரம் வரை போய்ச் சேர்கிறது. இத்தனை நீண்ட பயன் தரும் செலவைச் சலுகை என்று எழுதுவது தவறான கணக்கு.

சத்துக் கணக்கிலிருந்து பழக்கத்துக்கு வந்தால், குழந்தை எப்படி ஓர் உணவை ஏற்கிறது என்பது முதல் கேள்வி. இனிப்பை விரும்புவதும் கசப்பை வெறுப்பதும் பிறவியிலேயே வருகின்றன. இரண்டு வயதிலிருந்து ஆறு வயதுவரை, அறியாத உணவைக் கண்டால் அஞ்சி விலக்கும் இயல்பு உச்சத்தில் இருக்கும். இந்த அச்சம் பிடிவாதமென்று தண்டிக்கப்படுகிறது. உண்மையில் அது வளர்ச்சியின் ஒரு பகுதி. அச்சத்தைக் கரைப்பது பழக்கம் ஒன்றே. ஒரு காயை எட்டுப் பத்து முறை, வற்புறுத்தலின்றி, சிறிய அளவில் தட்டில் வைத்துக்கொண்டே வந்தால் பெரும்பாலான குழந்தைகள் அதைத் தின்னத் தொடங்குகிறார்கள். இரண்டு முறை கொடுத்துப் பார்த்துவிட்டு "எம்பிள்ளைக்குக் கத்தரிக்காய் பிடிக்காது" என்று தீர்ப்பெழுதும் வீடுகளே அதிகம். ஏழை வீட்டில் இதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது: தின்னாமல் ஒதுக்கப்படும் காய் வீணாய்ப்போன காசு. பத்து முறை தோற்றுப்பார்க்க அந்த வீட்டுக்கு வசதியில்லை. பள்ளிக்கு இருக்கிறது.

அமெரிக்க உளவியலாளர் லியான் பர்ச் 1980-இல் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே மிகப் பொருந்தும். ஒரு காயை விரும்பாத சிறு குழந்தையை, அந்தக் காயையே விரும்பி எடுக்கும் குழந்தைகளோடு சில நாள் உட்கார வைத்து மதிய உணவு கொடுத்தார்கள். யாரும் அறிவுரை சொல்லவில்லை. ஆனாலும் அந்தக் குழந்தை மெல்ல மெல்ல மற்றவர்கள் எடுத்ததை எடுக்கத் தொடங்கியது. பின்னர் தனியே கேட்டபோதும் விருப்பம் மாறியிருந்தது. இதற்கு நேர்மாறாக, "காயைத் தின்றால் மிட்டாய் தருவேன்" என்ற பேரம் காயின் மீதுள்ள வெறுப்பைக் கூட்டுகிறது என்பதையும் உணவுப் பழக்க ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பரிசு கொடுத்துத் தின்ன வைக்கவேண்டிய பொருள் நல்லதாக இருக்க முடியாது என்று குழந்தை சரியாகவே ஊகித்துக்கொள்கிறது.

பந்தியில் வரிசையாக உட்கார்ந்து, ஒரே உலையில் வெந்ததை, ஒரே நேரத்தில், ஒத்த வயதினரோடு, மறுபடி மறுபடி உண்பது: சுவையைக் கற்பிப்பதற்கு உளவியல் கேட்கும் நிலைமைகள் அத்தனையும் சத்துணவுப் பந்தியில் தாமாகவே அமைந்திருக்கின்றன. பணம் கட்டிப் படிக்கும் பள்ளியில், வீட்டிலிருந்து வந்த டிபன் பாக்ஸைத் தனித்தனியே திறக்கும் பிள்ளைக்கு இது கிடைப்பதில்லை. அரசுப் பள்ளியின் இந்தச் செல்வத்தை அரசே முழுமையாக உணர்ந்ததாகத் தெரியவில்லை.

1982-க்குப் பிறகு நெடுங்காலம் நாள்தோறும் சோறும் சாம்பாருமே இருந்தன. சாம்பாரில் பருப்பு அடியிலும் காய் ஓரத்திலும் தண்ணீர் நடுவிலும் நிற்கும். கறிவேப்பிலையோடு காயையும் பொறுக்கித் தட்டின் விளிம்பில் வைப்பது பிள்ளைகளின் வழக்கமாயிற்று. முட்டை வந்தபோதுதான் தட்டின் மீது பிள்ளைகளுக்கு ஆவல் பிறந்தது. 1989-இல் முதலமைச்சர் கருணாநிதி இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கினார். 1998-இல் வாரம் ஒன்று, 2010-இல் வாரம் ஐந்து என்று அது உயர்ந்தது. முட்டை உண்ணாதவர்களுக்கு வாழைப்பழம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம் இருக்கிறது; தொடக்க வகுப்புக்கு விதித்த 12 கிராமில் அது பாதி. வைட்டமின் ஏ, பி12 ஆகியவையும் அதில் உண்டு. நிர்வாகத்துக்கும் முட்டை நல்ல துணை. பருப்பில் தண்ணீர் ஊற்றிப் பெருக்கலாம்; முட்டையைப் பெருக்க முடியாது. கிடைத்ததா இல்லையா என்பதை ஒன்றாம் வகுப்புப் பிள்ளையே சொல்லிவிடும். முட்டையைச் சமய வழக்கங்களின் பேரால் பள்ளித் தட்டிலிருந்து விலக்கிவைத்துள்ள மாநிலங்கள், புரதம் மிகத் தேவைப்படும் ஏழைக் குழந்தைகளுக்கு அநீதி செய்கின்றன.

2013-இல் முதலமைச்சர் ஜெயலலிதா கலவைச் சாத முறையைச் சோதனையாகத் தொடங்கினார். அடுத்த ஆண்டு அது மாநிலமெங்கும் பரவியது. காய்கறிப் பிரியாணி, கொண்டைக்கடலைப் புலாவு, தக்காளி சாதம், கறிவேப்பிலைச் சாதம், எலுமிச்சைச் சாதம், மிளகு முட்டை, தக்காளி மசாலா முட்டை என்று நாளுக்கொரு வகை வந்தது. பிள்ளை தட்டில் எதை மிச்சம் வைக்கிறது என்று பார்த்து எடுத்த முடிவு அது. அந்த வகையில் திட்டத்தின் வரலாற்றில் முக்கியமான திருப்பம். ஆனால் கலவைச் சாதத்தில் ஒரு சறுக்கல் இருக்கிறது. சாம்பாரில் காய் இருந்தால் பிள்ளை அதைப் பார்த்தாவது ஒதுக்கும். தக்காளி சாதத்தில் காயே இல்லாமலும் நாளை ஒப்பேற்றலாம். காய்கறிக்கும் விறகுக்கும் எரிவாயுவுக்கும் ஒதுக்கும் பணம் சந்தை விலையோடு ஒட்டி ஏறாதபோது, முதலில் மெலிவது காய்தான். முருங்கைக்கீரை, சுரைக்காய், பீர்க்கங்காய், பூசணி ஆகியவை ஊரில் மலிவாக விளைந்தும் தட்டுக்கு வராமல், உருளைக்கிழங்கு மட்டும் வருவதில் நாக்குப் பழக்கத்துக்கு நட்டம் இருக்கிறது.

இரும்புச்சத்தை எடுத்துக்கொண்டால், உணவு என்பது பொருள்களின் பட்டியல் மட்டுமன்று, சேர்மானமும் கூட என்பது தெளிவாகும். 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அரிசியிலும் பருப்பிலும் கீரையிலும் உள்ள இரும்பு இறைச்சியின் இரும்பைப்போல எளிதில் உடலில் சேர்வதில்லை. தானியத்தின் பைட்டேட்டும் தேநீரின் டானினும் அதைக் கட்டிப்போடுகின்றன. வைட்டமின் சி அந்தக் கட்டை அவிழ்க்கிறது. எலுமிச்சைச் சாதமும் சுண்டலும் ஒரே நாளில் வருவது அருமையான சேர்மானம். ஆனால் வைட்டமின் சி சூட்டில் அழியும். சாற்றை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு பிழிய வேண்டும். கசக்காமல் இருக்கத் தமிழ்நாட்டுச் சமையல்காரர்கள் எப்போதும் செய்துவந்த கைப்பக்குவம் இது. பயறை ஊறவைத்து முளைகட்டினால் பைட்டேட் குறைகிறது. ஒரு பெரிய நெல்லிக்காயோ கொய்யாத் துண்டோ சாப்பாட்டோடு சேர்ந்தால் மாத்திரைக்கு அடுத்த உதவி அது. காலையில் வெறும் தேநீரும் வறுக்கியுமாக வரும் பிள்ளை, உணவில் உள்ள கொஞ்ச இரும்பையும் இழக்கிறது. செறிவூட்டிய அரிசி, ஆண்டுக்கு இருமுறை குடற்புழு மாத்திரை, வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரை ஆகிய ஏற்பாடுகள் தேவையானவை. எனினும் பள்ளியை விட்டுப்போன பிறகு கைகொடுப்பது மாத்திரை அன்று. கீரையும் பயறும் நெல்லியும் பிடித்துப்போன நாக்குதான்.

காலை உணவு இந்தத் தொடரில் மிகப் பிந்தி வந்தது. பனியன் கம்பெனிக்கும் கட்டட வேலைக்கும் விடிந்ததும் கிளம்பும் பெற்றோரின் பிள்ளைகள் வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வருவதை ஆசிரியர்கள் நெடுநாளாகக் கண்டிருந்தார்கள். இரவு எட்டு மணிக்கு உண்ட பிள்ளை மறுநாள் பகல் பன்னிரண்டரை வரை காத்திருப்பது பதினாறரை மணி நேரப் பட்டினி. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவுத் திட்டத்தைத் தொடங்கினார். முதற்கட்டத்தில் 1,545 பள்ளிகள். 2023 ஆகஸ்ட் 25 அன்று திருக்குவளையில் அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும், 2024-இல் ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும், 2025-இல் நகர்ப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் அது விரிந்தது. ரவை, சேமியா, அரிசி, கோதுமை ரவை ஆகியவற்றில் உப்புமா, கிச்சடி, பொங்கல், கூடவே காய்கறிச் சாம்பார் என்பது அமைப்பு. மகளிர் சுயஉதவிக் குழுவினர் பல இடங்களில் சமைக்கிறார்கள். ரவையும் சேமியாவும் விரைவில் வேகும். பள்ளி தொடங்குமுன் தட்டில் விழவேண்டிய உணவுக்கு அது பெரிய வசதி. ஆனால் நார்ச்சத்து குறைந்த இவையே வாரம் முழுவதும் நிறைந்திருப்பது சரியன்று. கம்பும் கேழ்வரகும் சாமையும் விளையும் மாவட்டங்களில் அவற்றை வாரம் இரண்டு நாளாவது கொடுத்துப் பழக்க, இந்த வயதைவிட நல்ல வயது வேறில்லை.

பள்ளி வாசலுக்கு வெளியே எதிர்த்திசையில் இழுக்கும் விசை ஒன்று இருக்கிறது. மாங்காய்க் கீற்று, நாவற்பழம், இலந்தை வடை, கடலைமிட்டாய் விற்ற பெட்டிக்கடைகளில் இப்போது ஐந்து ரூபாய்ப் பொட்டலங்கள் சரம் சரமாகத் தொங்குகின்றன. உப்பு, எண்ணெய், சர்க்கரை மூன்றும் நாக்கைச் சொக்கவைக்கும் விகிதத்தில் கலந்து செய்யப்பட்டவை அவை. காலையில் ஒரு பொட்டலம் தின்ற பிள்ளைக்கு மதியச் சோறு சப்பென்று இருக்கும். சாம்பாரின் மீது குற்றம் சொல்லப்படும். 300 மில்லி கோலா பானத்தில் ஏறத்தாழ 30 கிராம் சர்க்கரை உண்டு. கொழுப்பும் உப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவுப் பொருள்களைப் பள்ளி வளாகத்திலும் வாசலிலிருந்து 50 மீட்டர் எல்லைக்குள்ளும் விற்கக்கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2020-இல் விதி வகுத்தது. அந்த 50 மீட்டரை அளக்க யாரும் நாடாவோடு வருவதில்லை. ஐந்து ரூபாய் கொடுத்தனுப்பும் தாயைக் குறைசொல்வதும் பொருந்தாது. சமைக்க நேரமில்லாத குற்ற உணர்வுக்கு அந்தக் காசுதான் அவளுக்கு எட்டிய பரிகாரம். காலை உணவு வந்தபிறகு அந்தக் காசுக்கான அவசியம் குறைகிறது என்பது திட்டத்தின் பேசப்படாத நன்மை.

பந்தி என்று வரும்போது சாதியைப் பேசாமல் நகர முடியாது. சமையலர், உதவியாளர் பணிகளில் பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் முன்னுரிமை தரவேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2004-இல் கூறியது. பட்டியல் சாதிப் பெண் சமைத்ததைத் தம் பிள்ளை உண்ணக்கூடாது என்று பெற்றோர் தடுத்த நிகழ்வுகள் தமிழ்நாட்டில் அதன் பின்னும் நடந்துள்ளன. காலை உணவுத் திட்டத்திலும் நடந்தன. அதிகாரிகள் நேரில் சென்று அதே உணவை உண்டு காட்டியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடங்களில் சமையலரை வேறிடத்துக்கு மாற்றிச் சிக்கலை முடிப்பது கொடுமையான தீர்வு. அந்தப் பந்தியில் உட்கார்ந்திருக்கும் குழந்தைகள் அத்தனை பேருக்கும், யார் கைச்சோறு தீண்டத்தகாதது என்ற பாடத்தை அரசே நடத்தியதாகிவிடும். உணவுப் பழக்கம் என்பதில் யாரோடு உண்பது, யார் சமைத்ததை உண்பது என்பதும் அடங்கும்.

அடுப்படியின் பாதுகாப்பு தனியே கவனிக்கத்தக்கது. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளி ஒன்றின் கூரைவேய்ந்த சமையலறையில் பற்றிய தீ 94 குழந்தைகளைக் கொன்றது. 2013-இல் அதே ஜூலை 16 அன்று பீகாரில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த மதிய உணவை உண்டு 23 குழந்தைகள் இறந்தார்கள். ஓடோ காங்கிரீட்டோ வேய்ந்த தனிச் சமையலறை, பூட்டுள்ள பொருளறை, பெரியவர் ஒருவர் முதலில் உண்டு பார்ப்பது, கை கழுவக் குழாய்த் தண்ணீர் ஆகியவற்றில் எதையும் பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிவைக்க இடமில்லை.

ஆசிரியர் உண்டு பார்ப்பதோடு நில்லாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து உண்பது ஜப்பானில் வழக்கம். அங்கே 1954-இல் பள்ளி மதிய உணவுச் சட்டமும் 2005-இல் உணவுக் கல்விக்கான அடிப்படைச் சட்டமும் வந்தன. வகுப்பறையிலேயே மாணவர்கள் முறைவைத்துப் பரிமாறுகிறார்கள். உண்ட பிறகு தாங்களே சுத்தம் செய்கிறார்கள். உணவையும் சத்தையும் கற்பிப்பதற்கென்றே ஆசிரியர் பணி ஒன்று அங்கே உண்டு. அங்கே பெற்றோர் உணவுப் பொருளுக்குப் பெரும்பாலும் பணம் கட்டிவந்தார்கள், தமிழ்நாட்டில் இலவசம். ஆனால் மதிய உணவு நேரம் பாடவேளையின் பகுதி என்ற எண்ணத்தைக் கடன்வாங்கச் செலவு அதிகமாகாது. சத்துணவுக்கூடத்துக்குப் பின்னால் முருங்கையும் கறிவேப்பிலையும் வைத்துத் தண்ணீர் ஊற்றும் பிள்ளை, அந்தக் கீரையைத் தட்டிலிருந்து ஒதுக்குவது அரிது. அறிவியல் பாடத்தில் புரதம் வரும் நாளில் அன்றைய முட்டையை வைத்தே அதை விளக்கலாம். சத்துணவுப் பணியாளர்கள் இந்தக் கல்வியில் பங்கேற்கக் கூடியவர்கள். எந்தப் பிள்ளை எதைத் தின்னும், எது இரண்டாம் முறை கேட்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். முழுநேர ஊழியருக்குரிய ஊதியமும் ஓய்வூதியமும் கேட்டு அவர்கள் நடத்தும் போராட்டம் பல ஆண்டுகளாகத் தொடர்கிறது.

திட்டத்தின் எல்லைகளும் குறிப்பிடத்தக்கவை. மதிய உணவு பள்ளி வேலை நாட்களுக்கு, ஆண்டில் ஏறத்தாழ 220 நாட்களுக்கு உரியது. கோடை விடுமுறையில் அடுப்பு அணைந்துவிடுகிறது. 2020-இல் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடியபோது அரிசியும் பருப்பும் முட்டையும் வீட்டுக்குக் கொடுக்கப்பட்டன. பொருள் சேர்ந்தது, பந்தி இல்லாமற்போயிற்று. காலை உணவு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிடுகிறது; ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளைக்குப் பசி நிற்பதில்லை. மதிய உணவு பத்தாம் வகுப்பு வரைதான். மாதவிடாய் இழப்பால் இரும்புச்சத்து மிகத் தேவைப்படும் பதினாறு, பதினேழு வயது மாணவிகள் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் அதே வளாகத்தில், அதே சத்துணவுக்கூடத்துக்கு அருகிலேயே படித்தும் அந்தத் தட்டுக்கு உரியவர்களாக இல்லை. அடுத்த விரிவாக்கம் அவர்களிடமிருந்து தொடங்க வேண்டும்.